வரலாற்று வகுப்பில் நம் பாட்டிமார்

பள்ளிப் பாடநூலொன்றிலிருந்து சில பக்கங்கள் நீங்குவதைப் பெரும்பாலோர் ஒரு செய்தியாகவே கருதுவதில்லை. சுமை குறைந்தது என்று பிள்ளைகள் மகிழ்வார்கள். ஆசிரியர்க்கு இரண்டு வகுப்பு மிச்சம். 2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் அத்தகைய சுற்றறிக்கை ஒன்றை விடுத்தது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் ஆடையின் சமூக வரலாற்றைக் கூறும் பாடத்தில், சாதிப் பூசலும் ஆடை மாற்றமும் பற்றிய பகுதி நீக்கப்படுகிறது. 2017 தேர்வில் அதிலிருந்து வினா எழாது என்பது அதன் சாரம். 2019இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் அந்தப் பாடம் முழுவதையுமே நூலிலிருந்து எடுத்துவிட்டது. மாணவரின் சுமையைக் குறைப்பதே நோக்கம் என்றார்கள்.

நீங்கிய பக்கங்களில் இருந்தது எங்கள் மண்ணின் கதை. திருவிதாங்கூரின் தென்பகுதியில், இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடத்திய தோள்சீலைப் போராட்டம்தான் அது. 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் அதன் 200ஆம் ஆண்டு நினைவு விழாவில் தமிழக, கேரள முதலமைச்சர்கள் இருவரும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். மேடையில் இரண்டு முதலமைச்சர்கள், பாடநூலில் இடமில்லை. நம் நாட்டில் வரலாறு படும் பாடு இது.

ஆயினும் இதை எளிய கதையாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் பகுதியை நீக்கும்படி முதலில் குரல் எழுப்பியவர்கள் போராடிய அந்தச் சமூகத்தின் வழித்தோன்றல்களே. நாயர் நிலக்கிழாரிடம் வேலை செய்யக் குடிபெயர்ந்து வந்தவர்கள், தாழ்ந்த நிலையினர் என்னும் பொருள்பட அந்நூல் அவர்களை அறிமுகம் செய்திருந்தது. இந்த மண்ணின் பூர்வ குடிகளாகத் தங்களைக் கருதும் மக்களுக்கு அச்சொற்கள் சுட்டன. 2012இல் அன்றைய தமிழக முதலமைச்சர் செயலலிதா அவர்களும் அப்பகுதியை நீக்குமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சொற்களைத் திருத்தக் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் சொற்களைத் திருத்துவது கடினம். அதற்கு அறிஞர் கூட வேண்டும், வாதிட வேண்டும், சான்றுகளை எடுத்து வைக்க வேண்டும். பக்கத்தைக் கிழிப்பது எளிது. எளியதைச் செய்தார்கள்.

எல்லாப் பண்பாட்டினரையும் உள்ளடக்கிய வரலாற்றுக் கல்வி என்று இந்நாளில் கருத்தரங்குதோறும் பேசக் கேட்கிறோம். மேடையில் அதற்கு எதிர்ப்பே இராது. இடர் எல்லாம் வகுப்பறையில்தான் தொடங்குகிறது. ஒரு சமூகத்தைப் பாடத்திற்குள் கொண்டுவருகிறோம் என்றால் எந்தக் கோலத்தில் கொண்டுவருகிறோம்? யாருடைய சொற்களில்? அருகில் அமர்ந்திருக்கும் மற்றவரின் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கையில் எப்படிச் சொல்கிறோம்? இவ்வினாக்கள் எனக்கு ஏட்டிலிருந்து எழுந்தவையல்ல. பங்குத்தந்தை என்னும் முறையில் ஓர் உயர்நிலைப்பள்ளிக்குத் தாளாளராகவும் இருக்கிறேன். கடற்கரையிலிருந்து சற்றே உள்ளே அமைந்த பள்ளி. காலையில் கடற்கரை ஊர்களிலிருந்து மீனவப் பிள்ளைகள் வருவார்கள். உள்நாட்டு ஊர்களிலிருந்து இந்து நாடார், கிறித்தவ நாடார் பிள்ளைகள் வருவார்கள். அருகிலுள்ள குடியிருப்பிலிருந்து தலித் பிள்ளைகளும், கடைத்தெருவிலிருந்து இசுலாமியப் பிள்ளைகள் சிலரும் வருவார்கள். ஒரே பெஞ்சில் ஐந்து வரலாறுகள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கின்றன. 1982 மார்ச் மாதம் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டபோது நான் பள்ளிச் சிறுவன். கடற்கரையாரும் உள்நாட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது கழித்த அந்த மாதங்களை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. இந்த மாவட்டத்தில் வரலாற்றைக் கவனமாகவே கையாள வேண்டும் என்பது எங்களுக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பள்ளி மாநிலப் பாடத்திட்டத்தைச் சார்ந்தது. பத்தாம் வகுப்பில், 19ஆம் நூற்றாண்டின் சமூக, சமயச் சீர்திருத்தங்களைப் பற்றிய பாடத்தில் இராமலிங்க அடிகளோடும் அயோத்திதாசரோடும் சாமித்தோப்பு வைகுண்ட சுவாமிகளும் இடம்பெற்றிருக்கிறார். இதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன். நான் படித்த காலத்து வரலாற்று வகுப்பில் அசோகரும் அக்பரும் இருந்தார்கள், பிளாசிப் போர் இருந்தது, தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. கூப்பிடு தொலைவில் உள்ள குளச்சலில் 1741இல் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை வென்ற செய்தியை நான் குருமடத்திற்குச் சென்ற பின்னரே அறிந்தேன். குமரி மாவட்டத்துப் பிள்ளைக்கு இது ஒரு தனிச் சங்கடம். 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. அவற்றின் பழைய வரலாறோ திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டது. சோழ பாண்டியரின் கதையில் எங்களுக்கு ஓரமாகத்தான் இடம். வேணாட்டு மன்னரின் கதையோ எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் கற்பிக்கப்படுகிறது. இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி என்றால் இரண்டு வீட்டிலும் பசியோடு இருக்க நேரும் அன்றோ!

எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை வைகுண்டரின் பாடத்தைத் தொடங்கும் முன் என்னிடம் வந்தார். “ஃபாதர், அவர் தம் மக்களை ஏன் தலைப்பாகை கட்டச் சொன்னார் என்று பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமானால், அந்நாளில் யார் எதை உடுக்கலாம் என்று சட்டம் இருந்ததைச் சொல்ல வேண்டும். தோள்சீலையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. இரண்டு வகுப்பு எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். பொதுத் தேர்வு எழுதும் வகுப்பில் இரண்டு பாடவேளை என்பது சிறிய கொடையன்று. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் செய்தது எளிய காரியம். நிகழ்ச்சிகளை ஒரு தாளில் வரிசைப்படுத்தினார். 1811 முதல் 1814 வரை திவானாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் தைத்த மேற்சட்டை அணியலாம், உயர்குலப் பெண்களைப் போலத் தோளில் சீலை இடக்கூடாது என்று வகுக்கப்பட்டது. 1820களில் கல்குளம், இரணியல் பகுதிகளில் அடிதடிகள் நிகழ்ந்தன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் அப்பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1829இல் அரசு மீண்டும் தோள்சீலையைத் தடுத்து, குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் சந்தைகளில் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது, வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன. சென்னை ஆளுநர் திரெவெலியன் வற்புறுத்தலுக்குப் பின், 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் ஓர் அரசாணை வெளியிட்டார்.

இவ்வரிசையைப் பார்த்த பிள்ளைகளுள் ஒருவன் கேட்டானாம்: சட்டை போட அனுமதி கிடைத்துவிட்டதே, பிறகு எதற்காகச் சண்டை? நல்ல வினா; நம் கட்டுரையாளர் பலர் கேட்க மறந்த வினா. இலண்டன் மிஷன் திருப்பணியாளர்கள் இப்போராட்டத்தை நாணத்தின் போராட்டமாகவே பெரிதும் கண்டார்கள். உடலை மறைப்பதே நோக்கமாயின் குப்பாயம் போதும். ஆனால் அப்பெண்கள் குப்பாயத்தின்மேல் தோள்சீலையையும் இட்டுக்கொண்டே சந்தைக்குச் சென்றார்கள். மறைப்பு கிடைத்துவிட்டது, அவர்கள் தேடியது சமத்துவம். உதவ வந்தவர்களின் குறிப்பேடுகளை மட்டும் படித்தால் இது விளங்காது. உடுத்தியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் விளங்கும். எழுதிவைக்க வாய்ப்பில்லாதவர்களின் எண்ணத்தை அவர்களுடைய செயலிலிருந்துதான் படிக்க வேண்டும்.

அடுத்து ஆசிரியை 1859 அரசாணையின் சாரத்தைத் தமிழில் படித்துக் காட்டினார். நாடார் பெண்கள் கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம். எச்சமயத்தவராயினும் முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்குலப் பெண்களைப் போல உடுத்தலாகாது. வகுப்பில் பாதிப் பேர் மீனவப் பிள்ளைகள். முக்குவத்தி என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு சிறுமி நிமிர்ந்து, “டீச்சர், அது எங்க பாட்டிமாரா?” என்றாள். ஆம் என்றார் ஆசிரியை. “அப்ப எங்களுக்கு முன்னாடியே துணி உடுத்த அனுமதி இருந்துச்சா?” அதற்குப் பின் வகுப்பு ஆசிரியையின் கையில் இல்லை. அனுமதி இருந்தது, ஆனால் முரட்டுத் துணிக்குத்தானே என்றான் ஒருவன். எங்களுக்குத் தருவதற்கு அவர்களை எதற்கு அளவுகோலாக வைத்தார்கள் என்றாள் உள்நாட்டுச் சிறுமி ஒருத்தி. கடற்கரைப் பெண்ணையும் உள்நாட்டுப் பெண்ணையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, இருவருக்கும் மேலே ஒரு கோடு கிழித்திருந்தது அரசாணை. அந்தக் கோட்டைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டார்கள். இரண்டு கூட்டத்தாரும் தங்கள் பாட்டிமாரை ஒரே ஏட்டில் சந்தித்த அந்த வேளையை, எத்தனையோ நல்லிணக்கக் கூட்டங்களில் தலைமை தாங்கிய நான், அவற்றினும் மேலாக மதிக்கிறேன்.

ஒரு வாரத்திற்குள் பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஊரில் மதிப்புள்ள வணிகர். பள்ளிக்கு அள்ளிக் கொடுத்தவர். பேரன் அவ்வகுப்பில் படிக்கிறான். அமரச் சொல்லியும் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

“சாமி, எங்க பாட்டிமாரு பட்ட அவமானத்தைப் பிள்ளைகள் வகுப்பிலே உட்கார்ந்து படிக்கணுமா? நாங்க கடை வச்சோம், பள்ளிக்கூடம் கட்டினோம், பிள்ளைகளைக் கலெக்டர் ஆக்கினோம். இன்னும் எதுக்குப் பழசைக் கிளறணும்?”

“அண்ணாச்சி, அந்த அவமானம் துணியைக் கிழிச்சவங்களுக்குத்தானே? உடுத்தவங்களுக்கு என்ன அவமானம்?” என்றேன்.

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும் சாமி. பத்தாங்கிளாஸ் பையனுக்குத் தெரியுமா? நாளைக்குப் பெஞ்சிலே கேலி பேசுவான்.”

இந்த மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளடக்கிய வரலாறு என்று எழுதும் பேராசிரியர்கள் பலர் இந்தப் பெரியவரைச் சந்தித்ததில்லை. ஒடுக்கப்பட்டவரின் துன்பத்தைச் சொன்னால் போதும், கேட்பவர் மனம் மாறிவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். துன்பத்தை மட்டும் சொன்னால் சில வேளைகளில் கேலிதான் பிறக்கும், சொல்லப்பட்டவன் தலைகுனிவான். ஆதலால் வரிசை முக்கியம். எங்கள் ஆசிரியை பாடத்தைத் தடையிலிருந்து தொடங்கவில்லை. உடுத்திக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களிலிருந்து தொடங்கினார், நீதிமன்றத்தில் கிடைத்த தீர்ப்பைச் சொன்னார், பிறகே தடுத்தவர்களிடம் வந்தார். பழைய ஒளிப்படங்கள் எவற்றையும் காட்டவில்லை; இதில் அவர் உறுதியாக இருந்தார். அரசாணையில் அச்சமூகத்தைக் குறித்த பழைய பெயரை ஆவணத்தைப் படிக்கும்போது மட்டும் ஒருமுறை சொன்னார். 1921இல் சென்னை மாகாண அரசு நாடார் என்னும் பெயரை ஏற்றதையும், ஒரு மக்கள் தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்வதும் வரலாறே என்பதையும் விளக்கினார். இவற்றையெல்லாம் பெரியவரிடம் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார். இசைந்தார் என்று சொல்ல இயலாது. “நீங்க சொல்றது சரியா இருக்கலாம் சாமி, எனக்கு மனசு ஒப்பலை” என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவருடைய வருத்தத்திற்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு என்றே நினைக்கிறேன்.

குருமடத்தில் விவிலிய அறிமுக வகுப்பில் கற்ற ஒரு செய்தி அன்றிரவு நினைவுக்கு வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் பின்னி, முரண்களைக் களைந்து, ஒரே தொடர்கதையாக ஒரு நூல் செய்தார். சிரியத் திருச்சபைகளில் அது மிகவும் விரும்பிப் படிக்கப்பட்டது. படிக்கவும் எளிது, கற்பிக்கவும் எளிது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தெயொதோரெத்து தம் மறைமாவட்டத்தில் அந்நூலின் படிகள் இருநூறுக்கு மேல் இருப்பதைக் கண்டு, அவற்றை அகற்றி நான்கு நற்செய்திகளையே மீண்டும் வைத்தார். நூல்களை அகற்றிய அவர் முறை நமக்கு ஏற்புடையதன்று. ஆனால் சீரான ஒரே கதையைவிட ஒன்றோடொன்று முழுதும் பொருந்தாத நான்கு சாட்சியங்களே மேல் எனத் திருச்சபை தேர்ந்துகொண்டதே, அது சிந்திக்கத்தக்கது. பழைய ஏற்பாட்டிலும் அவ்வாறே. தாவீது உரியாவின் மனைவியைக் கவர்ந்த கதையைச் சாமுவேல் நூல் மறைக்காமல் சொல்லும். குறிப்பேடு அதைச் சொல்லாமலே கடந்துவிடும். இரண்டையும் ஒரே கட்டில் வைத்திருக்கிறோம். பாடநூலில் எல்லாச் சமூகத்தாருக்கும் ஒவ்வொரு பத்தி ஒதுக்கி, எவர் மனமும் நோகாதபடி பின்னிவிடலாம் என்று நினைப்பவர்கள் தாசியானின் வழியில் செல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

இந்த அளவுகோலை அரசின் பாடநூலுக்கு நீட்டும் நாம் நம் வீட்டுக்கும் நீட்ட வேண்டும். எங்கள் பகுதியில் பங்குதோறும் நூற்றாண்டு விழா மலர்கள் வெளிவருகின்றன. வழுவழுப்பான தாள், ஆயரின் ஆசியுரை, பணியாற்றிய பங்குத்தந்தையரின் பட்டியல், கொடையாளர் படங்கள், நகைக்கடை விளம்பரங்கள். நடுவில் பங்கின் வரலாறு நான்கு பக்கம். அதில் எப்போதும் ஒற்றுமையான மக்கள்தான் வாழ்ந்திருப்பார்கள்! எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் இருக்கிறது. புனித தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர். அவ்வூரில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் கால்சட்டையைப் போல இரு கிளையாகப் பிரிந்த கட்டடம். வேளாளர் ஒரு கிளையில், நாடார் மறு கிளையில், நடுவில் சுவர். ஒருவரை ஒருவர் காணாமல் இரு சாராரும் பீடத்தைக் காணலாம். 1910இல் இயேசு சபைக் குரு அட்ரியன் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார். வேளாளர் தரப்பினர் நீதிமன்றம் சென்றார்கள். ஆலயத்தில் தனியிடம் கோரும் உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் தேவசகாயத்தைப் பற்றிக் கற்பிக்கும் நாம் இந்தச் சுவரைப் பற்றிக் கற்பிக்கிறோமா? 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்படுமுன், பிள்ளை என்னும் சாதிப்பெயர் அவர் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. நல்லதே. ஆனால் அவர் எக்குலத்தில் பிறந்தார் என்பதைக் கதையிலிருந்தும் நீக்கிவிட்டால், எல்லாச் சாதியாரோடும் அவர் கலந்து பழகியது ஏன் அரண்மனைக்குப் பொறுக்கவில்லை என்பது பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்?

உள்ளடக்குதல் என்றதும் கேட்டதையெல்லாம் பாடமாக்கிவிடலாம் என்று பொருளன்று. மேலாடை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சேர்த்தலை நங்கேலியின் கதையை யாராவது எடுத்துவருவார்கள். மார்பு வரிக்கு மறுப்பாகத் தன் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்னும் அக்கதை உள்ளத்தை உலுக்குவது. ஆயினும் அது வாய்மொழி மரபாக வந்தது, அக்காலத்து ஆவணத்தில் காணப்படுவதன்று. அதை வகுப்பில் சொல்லலாம், வாய்மொழி என்று சொல்லியே சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையிலும் அத்தகைய மரபு ஒன்று உண்டு. குளச்சல் போரின்போது மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கிபோலத் தோளில் சார்த்திக் கரையில் வரிசையாக நின்றார்கள், தொலைவில் கப்பலிலிருந்த டச்சுக்காரர் பெரும்படை என மயங்கினர் என்பார்கள். நடந்ததா என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் மன்னரின் வெற்றியாக மட்டும் எழுதப்பட்ட ஒரு போரில் தங்களுக்கும் பங்குண்டு என்று ஒரு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்களே, அந்தச் சொல்லுதல் உறுதியான வரலாற்றுச் செய்தி. இவ்விரண்டையும் பிரித்தறியப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முடியும். நாம்தான் முடியாதென்று நினைத்துக்கொள்கிறோம். தக்கலை பீர் முகம்மது அப்பாவின் தமிழ்ப் பாடல்களையும் இவ்வாறே வரலாற்று வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன். கடைத்தெருப் பிள்ளைகள் இதுவரை இந்தப் பாடங்களில் பார்வையாளராகவே இருந்துவிட்டார்கள்.

இன்னும் ஒன்று. இரண்டாம் பாடவேளை முடியும் தறுவாயில் ஆசிரியை ஒன்றைக் கவனித்தார். நாடார் பிள்ளைகள் பேசினார்கள், மீனவப் பிள்ளைகள் பேசினார்கள். குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள் வாய் திறக்கவேயில்லை. 1859 அரசாணையில் அவர்களுடைய பாட்டிமார் எங்கும் இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1855இல்தான் திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்து அரசாணை வந்திருந்தது; வயலில் உழைத்த புலையரும் பறையரும் அதுவரை விலைபொருள்களாக இருந்தவர்கள். உடை உரிமை பற்றிய பேச்சில் அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. ஆகவே ஆசிரியை மூன்றாவது பாடவேளை ஒன்றையும் கேட்டார். 1915இல் கொல்லத்திற்கு அருகே பெரிநாட்டில் எழுந்த கிளர்ச்சியை எடுத்துரைத்தார். சாதி அடையாளமாகப் புலையப் பெண்கள் கழுத்தில் அணிந்தாக வேண்டியிருந்த கல்மாலைகளை, அய்யன்காளியின் அழைப்பை ஏற்றுக் கழற்றி எறிந்து, மேலாடை அணிந்துகொண்ட நிகழ்ச்சி அது. 1859க்கும் 1915க்கும் இடையே 56 ஆண்டுகள். அந்தக் கழித்தலைக் கரும்பலகையில் போடச் சொன்னாராம். முதற்கூட்டத்தார் உள்ளே வந்த பிறகு கதவு அத்தனை ஆண்டுகள் மூடிக் கிடந்தது. தட்டியவர்களின் ஓசை உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டதா என்பதை ஆசிரியை வினவினார், விடையை அவர் சொல்லவில்லை. அன்று அந்தப் பிள்ளைகளுள் ஒருவன் எழுந்து கல்மாலை எப்படி இருக்கும் என்று கேட்டான். சிறிய வினாதான்.

இதற்கெல்லாம் பாடத்திட்டத்தில் நேரம் ஏது என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு மதிப்பெண் வினா, கோடிட்ட இடம், பொருத்துக என்று பிள்ளைகளைப் பழக்கியிருக்கும் தேர்வுமுறையில் வைகுண்டரும் அயோத்திதாசரும்கூடப் பொருத்துகவுக்கு உரிய பெயர்களாகிவிடுகிறார்கள். பாடநூலில் பெயர் சேர்வது தொடக்கம். ஓர் ஆவணத்தைக் கையில் கொடுத்து, இதில் யார் பேசுகிறார், யார் பேசப்படுகிறார், யார் பெயரே இல்லை என்று கேட்க ஆசிரியர்க்கு ஒரு மணி நேரம் தருவதே அடுத்த படி. இதற்குப் பெரும் செலவில்லை. நம் மறைமாவட்டத்தில் பங்கு இல்லங்களின் அலமாரிகளிலேயே ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன.

எங்கள் பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டவை. பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள். பிறகு சாதி எழுத ஒரு கட்டம். ஒரே கிணற்று நீரில், ஒரே மந்திரத்தைச் சொல்லித் திருமுழுக்கு அளித்துவிட்டு, அதே கையால் அந்தக் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறார்கள் என் முன்னோடிகளான குருக்கள். அடுத்த கல்வியாண்டில் அவற்றில் இரண்டு மூன்று பக்கங்களைப் படியெடுத்துத் தருமாறு ஆசிரியை கேட்டிருக்கிறார். அக்கட்டத்தை மறைத்துவிடலாமே, ஊரில் வீண் பேச்சு எழும் என்றார் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர். அந்தக் குடும்பங்கள் இன்றும் ஊரில் வாழ்கின்றன. ஆகையால் பெயர்களை மறைக்கத்தான் வேண்டும். கட்டத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆயர் இல்லத்திற்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். இராமபாணப் பூச்சி ஓரங்களை ஏற்கெனவே தின்றுவிட்டது. ஐப்பசி மழை தொடங்குமுன் படியெடுத்தால் நல்லது.